வெள்ளத்தில் பரணிலிருந்து இறக்கிய சர்வர்: நெல்லைச் சீமைக் கல்லூரித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அண்ணாச்சிமாருக்கும் செயலர் ஐயாமாருக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக உங்கள் கல்லூரிகளின் சர்வர்களுக்கு வைத்தியம் பார்த்துவருகிறவன் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால், எந்தக் கல்லூரியைச் சொல்கிறான் என்று ஆளாளுக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவீர்கள். நான் சொல்லவந்த சோலி ஒரு கல்லூரியோடு முடிகிறது இல்லை.

2023 டிசம்பர் 17, 18 நம்மில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. மீனாட்சிபுரம், கைலாசபுரம் பக்கமெல்லாம் படகில் ஆட்களை மீட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எனக்கு வந்த முதல் போன் ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து. தரைத்தளத்தில் சர்வர் அறை. ரேக்கின் கீழ் மூன்று தட்டிலும் சேறு. யுபிஎஸ் பேட்டரி ஊறிப்போய்க் கிடந்தது. பரீட்சைக் கட்டணம் வாங்கவேண்டிய நேரம். "எப்படியாவது நாளைக்குள்ள ஓட வச்சிரும்" என்றார் செயலர். மாடிப் பரணில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்த பழைய மெஷினை இறக்கினோம். தூசு தட்டி, மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் ஓடிவிட்டது. உள்ளே விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. "தற்காலிகந்தான்" என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டுமல்ல, அந்த வாரம் நான் போன வேறு இரண்டு இடங்களிலும் இதே கதை. அந்த இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திய நாள் 2020 ஜனவரி 14. பரணிலிருந்து இறக்கும்போதே அது நாலு வருஷமாக மருந்து மாத்திரை இல்லாமல் கிடந்த உடம்பு.

கட்டண மென்பொருளைப் புது மெஷினுக்கு மாற்றிவிட்டோமே என்பீர்கள். உண்மைதான், மாற்றினோம். ஆனால் பழையதின் தலையில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் வளாகத்தில் இருக்கிற அத்தனை கணினிக்கும் பெயர் சொன்னால் விலாசம் சொல்லுகிற வேலை. டிஎன்எஸ்.

தாளாளர் அண்ணாச்சிமாருக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கணினித் துறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். கணினிக்கு வங்கியின் பெயர் தெரியாது. எண் விலாசம்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருகிற ஏற்பாட்டை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார், 1987இல் இன்றைய வடிவம் பெற்றது. உங்கள் சர்வர் அலுவலக உதவியாளர் மாதிரி. யாராவது விலாசம் கேட்டால் வெளியே ஒரு சீட்டு அனுப்பி விசாரிக்கிறார். பதில் வந்ததும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறார். அடுத்து அதே விலாசத்தைக் கேட்கிற எல்லோருக்கும் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அந்த நோட்டுக்குத்தான் கேஷ் என்று பெயர்.

பிரச்சினை சீட்டில் இருக்கிறது. பதில் கொண்டுவருகிறவன் யார் என்று உதவியாளர் முகம் பார்ப்பதில்லை. தான் அனுப்பிய சீட்டில் போட்ட எண் பதிலிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இருந்தால், யார் முந்திக்கொண்டு வந்தானோ அவன் சொன்னதே விலாசம். உண்மையான பதில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிடுவார். பந்திக்கு முந்து என்கிற பழமொழியை இத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த எண்ணுக்கு 16 பிட் இடந்தான், மொத்தம் 65,536 சாத்தியங்கள். 1980களில் அது பெரிய எண்ணாக இருந்திருக்கும். இன்றைக்கு விடுதி அறையில் இருக்கிற லேப்டாப் கண் மூடித் திறக்கிறதுக்குள் அத்தனை சீட்டையும் எழுதித் தள்ளிவிடும்.

அறுநூறு கணினியைத் தனித்தனியாகக் கெடுப்பதை விட இந்த ஒருவரை ஏமாற்றுவது லாபம். பாளையங்கால்வாயின் தலைமடையில் எதைக் கலந்தாலும் கடைமடை வயல் வரை அதுதான் பாயும்.

இது நேற்று கண்டுபிடித்த ஓட்டை இல்லை. 1997 ஜூலையில் யூஜின் காஷ்புரெஃப் என்பவர் இப்படித்தான் இணையப் பெயர்களைப் பதிவு செய்துவந்த அமெரிக்காவின் இன்டர்நிக் தளத்துக்குப் போகிறவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பினார். 2005இல் கூட்டம் கூட்டமாக நிறுவனங்களின் சர்வர் நோட்டுகளில் பொய் விலாசம் ஏறியது. அதில் மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000. கேட்காத விலாசத்தையும் சேர்த்து யாராவது சொன்னால் நோட்டில் ஏற்றாதே என்று சொல்ல ஒரு அமைப்பு அவற்றில் இருந்தது. ஆனால் என்டியிலும் விண்டோஸ் 2000இன் ஆரம்பப் பதிப்புகளிலும் அது அணைத்தே வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள், போடாமல் விற்றார்கள். 2007இல் அமித் க்ளைன் என்கிற ஆய்வாளர், லினக்ஸ் சர்வர்களில் பரவலாக ஓடுகிற டிஎன்எஸ் மென்பொருளான பைண்ட் 9இலும் விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரிலும் அந்தச் சீட்டு எண்ணை முன்கூட்டியே கணிக்கலாம் என்று காட்டினார். பார்த்தால் தாறுமாறாக இருக்கும்; உள்ளே ஒழுங்காக ஒரு சூத்திரப்படி வரும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 2008. டான் காமின்ஸ்கி என்கிற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டது எளிமையான விஷயம், அதனால்தான் பயங்கரமானது. அதுவரைக்கும் எல்லோரும் நோட்டை நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு விலாசம் நோட்டில் ஏறிவிட்டால் அது காலாவதியாகிற வரைக்கும் உதவியாளர் மறுபடி விசாரிக்கமாட்டார். ஆக, ஏமாற்ற நினைக்கிறவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு என்று. காமின்ஸ்கி என்ன செய்தார்? இல்லாத பெயரைக் கேட்டார். வங்கியின் பெயருக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையாவது ஒட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் உதவியாளர் புதுச் சீட்டு அனுப்பித்தானே ஆகவேண்டும்? ஒவ்வொரு சீட்டும் ஒரு புதுப் பந்தயம். எதில் எண் பொருந்துகிறதோ அந்தப் பொய்ப் பதிலில் கூடவே ஒரு வரி: "இந்த வங்கியின் எல்லாப் பெயருக்கும் பொறுப்பாளர் இன்ன விலாசத்தில் இருக்கிறார்." அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகு வங்கி முழுவதும் திருடன் கையில். நாட்கணக்கில் காத்திருக்கவேண்டிய வேலை சில நொடி வேலையானது.

அந்த வருஷம் மார்ச் 31 அன்று முக்கியமான தயாரிப்பாளர்களை மைக்ரோசாஃப்டின் தலைமையிடமான ரெட்மாண்டில் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்த மைக்ரோசாஃப்ட், பைண்ட், சிஸ்கோ ஆட்கள் ஒரே நாளில், ஜூலை 8 அன்று, பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தம், வெளியிட்டார்கள். ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாட்டில் காமின்ஸ்கி விவரம் சொல்வதாக ஏற்பாடு. இரண்டே வாரத்தில் கசிந்துவிட்டது. காமின்ஸ்கி 2021இல் தன் 42ஆம் வயதில் காலமானார். அன்றைக்கு அவர் அதை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம், விற்கவில்லை. நம் கல்லூரிகளில் கணினிப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு மனுஷரைப் பற்றியாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பேட்ச் என்ன செய்தது? சீட்டு எண்ணோடு, சீட்டு வெளியே போகிற வாசலையும் மாற்றிக்கொண்டே இருக்கச் செய்தது. வாசல் என்று நான் சொல்வது போர்ட். முன்பெல்லாம் ஒரே வாசல். இப்போது விண்டோஸ் சர்வர் 2,500 வாசல்களைத் திறந்துவைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 65,536ஐ 2,500ஆல் பெருக்கினால் 16 கோடியே 38 லட்சம் சாத்தியம். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன்னுடைய டிஎன்எஸ் மென்பொருளில் இதைப் பல வருஷம் முன்னாலேயே செய்துவைத்திருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

இங்கேதான் உங்கள் வளாகத்துக்கு வருகிறேன். போன கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியில் இணையம் இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். பேட்ச் எல்லாம் போட்ட சர்வர்தான், அந்த மட்டில் பாராட்டு. சரி, வந்தது வந்தோம் என்று ஃபயர்வாலுக்கு, அதாவது வளாகத்தின் இணைய நுழைவில் நிற்கிற காவல் பெட்டிக்கு, வெளிப்பக்கம் ஒரு லேப்டாப்பைச் செருகி, சர்வர் அனுப்புகிற கேள்விகள் எந்தெந்தப் போர்ட்டிலிருந்து போகின்றன என்று பிடித்துப் பார்த்தேன். 1025, 1026, 1027, 1028. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி வரிசையாக. சர்வர் கஷ்டப்பட்டு வாசலை மாற்றி மாற்றி அனுப்புகிறது. நடுவே இருக்கிற பழைய ஃபயர்வால் பெட்டி நேட் செய்கிறபோது, அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்புகிறபோது, எல்லாவற்றையும் திரும்ப வரிசையில் நிறுத்துகிறது. 16 கோடி மறுபடியும் 65 ஆயிரத்துக்கு வந்து நின்றது. இந்த விவகாரம் 2008இலேயே எச்சரிக்கப்பட்ட ஒன்று. சர்வருக்குப் பேட்ச் போட்டாயிற்று என்று ரெஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது. பெட்டியைப் பற்றி ரெஜிஸ்டரில் ஒரு வரியும் இல்லை.

"நாங்க லினக்ஸ்லா" என்று சொல்கிற துறைத்தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைண்ட் போட்ட பழைய சர்வர்களின் அமைப்புக் கோப்பைத் திறந்து, கேள்வி அனுப்புகிற போர்ட் 53 என்று கட்டிவைத்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஃபயர்வாலுக்குத் தோதாக இருக்கட்டும் என்று எழுதிய வரி. மெஷின் மாற மாற அந்தக் கோப்பு மட்டும் காப்பி ஆகிக்கொண்டே வந்திருக்கும். பேட்ச் போட்டிருந்தாலும், அந்த ஒரு வரியை ஏற்கிற பதிப்பு ஓடுகிற வரைக்கும் வாசல் ஒன்றுதான்.

இனி, எனக்கு மனசு உறுத்துகிற கதை. 2010 வாக்கில் ஒரு கல்லூரி. விண்டோஸ் சர்வர் 2003, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) என்னுடையது. ஒரு திங்கட்கிழமை காலை லேபிலிருந்து போன்: "அண்ணாச்சி, எல்லா மானிட்டர்லயும் படம் தலைகீழா தெரியுது. எழுத்து நேரா இருக்கு, போட்டோ மட்டும் தலைகீழ்." மானிட்டர் கோளாறாக இருக்கும் என்று யாரோ ரெண்டு மானிட்டரைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால், களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த மூன்றாம் வருஷப் பையன் ஒருவன் தன் லேப்டாப்புக்கு டபிள்யூ, பி, ஏ, டி என்கிற நாலெழுத்துப் பெயரை வைத்து நெட்வொர்க்கில் செருகியிருக்கிறான். சர்வரை ஏமாற்ற அவன் செய்தது அவ்வளவுதான்.

அந்த நாலெழுத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ப்ராக்ஸியை, அதாவது இணையத்துக்குப் போகிற வழியில் நடுவே நிற்கிற மெஷினை, நீயே கண்டுபிடி என்று சொல்லப்பட்ட பிரவுசர்கள், கல்லூரியின் டொமைனுக்குள் இந்தப் பெயருள்ள மெஷினைத் தேடும். கிடைத்தால் அது காட்டுகிற வழியில்தான் வெளியே போகும். புதிதாக வருகிற மெஷின்களின் பெயரைத் தானாகவே பதிந்துகொள்ளும்படி நம் சர்வரை அமைத்திருந்தோம். "உன் பெயர் என்ன?" "இதுதான்." பதிந்துகொண்டது. மொத்த வளாகத்தின் போக்குவரத்தும் விடுதி அறைக்குள் புகுந்து வந்தது. பையன் வருகிற படங்களையெல்லாம் கவிழ்த்து அனுப்பினான்.

இதை அடைக்கிற பேட்ச் 2009 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அந்தப் பெயரை யார் கேட்டாலும் பதில் சொல்லாதே என்று ஒரு தடைப்பட்டியலைக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு நுணுக்கம்: பேட்ச் போடுகிற நேரத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அதைத் தடைப்பட்டியலில் சேர்க்காது. அதை நிஜமாகவே ப்ராக்ஸிக்காகப் பயன்படுத்துகிற நிறுவனங்களுக்குத் தொந்தரவாகக் கூடாதே என்று. ஆக, திருடன் உள்ளே இருக்கும்போது பூட்டினால் அவனுக்கும் சேர்த்துக் காவல். அந்தப் பேட்ச்சை நான் போடவில்லை. பரீட்சை நேரம், நிப்பாட்டக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள். பரீட்சை முடிந்தது, நானும் மறந்தேன். குற்றத்தில் பாதி எனக்கு.

பையனைப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தீர்கள். அவன் அப்பா வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு அலுவலக வராந்தாவில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. செய்தது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் படத்தைக் கவிழ்க்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வருஷம் முழுக்க நமக்குத் தெரிந்திருக்காது. அவனைத் தண்டித்த கையோடு அந்தச் சர்வரைத் தொட்டீர்களா? 2014 வரைக்கும் அதே சர்வர்தான். "சவம், ஓடுத மட்டும் ஓடட்டும் அண்ணாச்சி. ஓடுத மாட்ட எதுக்கு அடிக்கச் சொல்லுதிய?" என்றார்கள்.

ஒரு கேள்வி வரும், நியாயமானதும்கூட. வங்கித் தளத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே, விலாசம் தப்பாகப் போனாலும் சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் எச்சரிக்காதா? எச்சரிக்கும். அந்த அளவில் 2008ஐ விட இன்றைக்கு நிலைமை நல்லது. ஆனால் பூட்டைப் பார்க்கிறது மனுஷன். வளாகத்தில் பெயர் விசாரிக்கிறதில் பெரும்பங்கு மெஷின்கள். உங்கள் மெயில் சர்வர் ஒரு கடிதத்தை இன்னொரு கல்லூரிக்கு அனுப்பும்போது, அந்தக் கல்லூரியின் மெயிலை யார் வாங்குகிறார்கள் என்று டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கிறது. பொய் விலாசம் வந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும். பெரும்பாலான மெயில் சர்வர்கள் எதிர்ப்பக்கத்துச் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. மதிப்பெண் பட்டியலோ, பாஸ்வேர்ட் மாற்றும் கடிதமோ, எது போனாலும் யார் கண்ணிலும் எச்சரிக்கை தெரியாது. உள்ளுக்குள் ஓடுகிற வருகைப்பதிவு, நூலக, விடுதிக் கணக்கு மென்பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில் பாதிக்குப் பூட்டே கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போனால், சான்றிதழ் கொடுக்கிற நிறுவனமே டிஎன்எஸ்ஸைக் கேட்டுத்தான் கொடுக்கிறது. அவர்களையே இப்படி ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கலாம் என்று 2018இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

2008 பேட்ச்சோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2020 நவம்பரில் பதில் வந்தது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகமும் பெய்ஜிங் ட்சிங்ஹுவா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வித்தை காட்டின. மூடிக்கிடக்கிற போர்ட்டைத் தட்டினால் "இங்கே யாரும் இல்லை" என்று சர்வர் பதில் அனுப்பும். அப்படி எத்தனை பதில் அனுப்பலாம் என்பதற்கு லினக்ஸில் யார் தட்டினாலும் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு ரேஷன்: நொடிக்கு 1,000, ஒரே மூச்சில் 50. ஏமாற்ற நினைக்கிறவன் பொய் முகவரியிலிருந்து 50 போர்ட்டைத் தட்டிவிட்டு, 51ஆவதாகத் தன் சொந்த முகவரியிலிருந்து மூடிய ஒரு போர்ட்டைத் தட்டுகிறான். பதில் வரவில்லையா? ரேஷன் தீர்ந்தது, ஐம்பதும் மூடியவை. பதில் வந்ததா? ஒன்று மிச்சம், ஆக அந்த ஐம்பதில் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. இப்படியே வாசலைத் தனியாகக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு சீட்டு எண்ணை மட்டும் ஊகிக்கிறான். 65,536 முறை 2,500 என்கிற பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. கணக்கு வாத்தியார்கள் ரசிக்கிற வித்தை. நான் படித்த ராத்திரி தூங்கவில்லை. இந்த வித்தையில் மாட்டியவற்றின் பட்டியலில் புது விண்டோஸ் சர்வர்களும் இருந்தன. லினக்ஸ் அந்த ரேஷன் எண்ணையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் தாறுமாறாக்கி அடைத்தது.

அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் வேறொரு எச்சரிக்கை வெளியிட்டது. நீளமான பதில் வழியில் இரண்டாகப் பிய்ந்து வரும்போது சீட்டு எண்ணும் போர்ட்டும் முதல் துண்டில்தான் இருக்கும். இரண்டாம் துண்டை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும். அதற்குப் பரிகாரம், யுடிபி என்கிற வழக்கமான சீட்டு வழியில் வருகிற பதிலின் உச்ச அளவை 1,221 பைட்டாக, விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் குறித்துவைப்பது. அதற்கு மேல் நீளம் என்றால் சர்வர் டிசிபி என்கிற, முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பேசுகிற வழியில் கேட்டுக்கொள்ளும். ஐந்து நிமிஷ வேலை. பரணிலிருந்து இறக்கிய எந்த மெஷினிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

பைண்டிலும் 2025 அக்டோபரில் இரண்டு ஓட்டைகளை அடைத்தார்கள். ஒன்று, போர்ட்டையும் சீட்டு எண்ணையும் தேர்ந்தெடுக்கிற இயந்திரத்தைக் கணிக்க முடிந்தது. இன்னொன்று, கேட்காத தகவலையும் நோட்டில் ஏற்றிக்கொண்டது. அமித் க்ளைன் காட்டிய வியாதி பதினெட்டு வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

நிரந்தர மருந்து டிஎன்எஸ்செக். பதிலில் கையெழுத்து இருக்கும், உதவியாளர் கையெழுத்தைச் சரிபார்ப்பார், முந்திவந்தவன் யாராக இருந்தாலும் எடுபடாது. பெயர் அமைப்பின் உச்சியான வேர் மண்டலம் 2010 ஜூலை 15 அன்றே கையெழுத்தாகிவிட்டது. நான் மூன்று கல்லூரிகளில் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டில் ஆறே மாதத்தில் அணைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: மதர்போர்டு பேட்டரி போய்விட்டது, கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது, கையெழுத்துகளின் தேதி பொருந்தவில்லை, இணையமே நின்றது. நாற்பது ரூபாய் பேட்டரிக்குப் பதில் பூட்டையே கழற்றிவிட்டார் லேப் அசிஸ்டென்ட். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவருக்கு எட்டு லேப், இரண்டு பிரிண்டர், ப்ரின்ஸிபல் வீட்டு வைஃபை, சிசிடிவி. அதற்கிடையில் டிஎன்எஸ் அவர் வேலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நான் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தச் சர்வருக்கு ஒருத்தர் பெயரைப் போட்டு எழுதிக்கொடுங்கள். அவருக்கு மாதம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், எதையும் நிப்பாட்டிப் பேட்ச் போட அதிகாரம் கொடுங்கள். பரீட்சை நேரம் தவிர என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை. பரணிலிருந்து இறக்கியதைத் திரும்பப் பரணுக்கு ஏற்றுங்கள், இல்லை பழைய இரும்புக்குப் போடுங்கள். புதிதாகப் பெரிய மெஷின் வேண்டாம். பெயர் விசாரிக்கிற வேலைக்கு அலுவலக மேசைக் கணினி ஒன்றில் ஆதரவு இருக்கிற லினக்ஸ் போட்டாலே தாராளம். வெளி உலகத்திலிருந்து வருகிற கேள்விக்கு அது பதில் சொல்லவே கூடாது, வளாகத்துக்குள்ளிருந்து கேட்டால் மட்டும் சொல்லவேண்டும். மெஷின்கள் தானாகப் பெயர் பதிந்துகொள்வதை, டொமைனில் சேர்ந்த மெஷின்களோடு நிறுத்துங்கள். விடுதி நெட்வொர்க்கையும் கட்டண அலுவலக நெட்வொர்க்கையும் பிரியுங்கள். பொய்ச்சீட்டு அனுப்புகிறவன் ரஷ்யாவில் இருக்கவேண்டிய அவசியமில்லை. உள்ளே இருந்து வருகிற பொய் முகவரியை உங்கள் ஃபயர்வால் பார்ப்பதே இல்லை.

பதிவேடும் வையுங்கள். ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், 180 நாள் லாக் இருக்கவேண்டும் என்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டாயிற்று. உங்கள் பழைய மெஷினில் லாக் போகிற டிஸ்க் நிறைந்து எத்தனை மாதமாயிற்று என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற நாக் குழு வருகிறது என்றதும் சர்வர் அறைக்கு வண்ணம் அடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, வெளியே பித்தளையில் பெயர்ப்பலகை மாட்டினீர்கள். நான்தான் உள்ளே நின்று ஒயர்களைக் கட்டினேன். அந்தப் பெயர்ப்பலகை விலைக்கு இந்த மெஷின் வந்துவிடும்.

எப்போது நிப்பாட்டுவது என்று கேட்டால், ஆயுத பூஜை அன்று. வளாகமே காலியாக இருக்கும், பரீட்சை இருக்காது, கட்டணம் வாங்கமாட்டீர்கள். எப்படியும் அன்றைக்குச் சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ரேக்கில் மாலை போடுவீர்கள். போட்டுக்கொள்ளுங்கள், நானும் கும்பிடுகிறவன்தான். மாலை மட்டும் ஃபேன் மேல் விழாமல் இருக்கட்டும். பூஜை முடிந்து சூடம் அணைந்ததும் இரண்டு மணி நேரம் எனக்குக் கொடுங்கள். அந்த ஒரு நாள் நான் யாரிடமும் காசு வாங்குவதாக இல்லை. பாளையங்கோட்டையில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் வரைக்கும் மூன்று கல்லூரி பார்த்துவிடலாம்.

காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவையுங்கள். போன தடவை லீவு என்று சொல்லி ஒரு மணி நேரம் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர்க்காரன்,
பாளையங்கோட்டை.